சட்டம் வந்த பிறகு மனு எழுதாதீர்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலும் ஜ்யூ டவுனிலும் மிளகு, சுக்கு, ஏலம் வாங்குகிற, விற்கிற, கமிஷனுக்குப் பேசி முடிக்கிற, கணக்கு எழுதுகிற தமிழ் உறவுகளுக்கு, போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரத்துக்காக வந்து போகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் பஜாரில் ஒரு பழக்கம் உண்டு. தில்லியில் ஒரு சட்டம் பாஸாகும். ஆறு மாதம் கழித்து அது நம் பில் புத்தகத்தில் வந்து இடிக்கும்போதுதான் “இது எப்போ வந்தது?” என்று கேட்போம். அவசரமாகக் கூட்டம் போடுவோம், தீர்மானம் எழுதுவோம். யார் எம்.பி.யாக இருந்தாலும் சரி, எர்ணாகுளத்துக்கு ஒரு குழு போய் மனு கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வரும். “பார்க்கிறேன்” என்பார் அவர். பொய்யில்லை. அரசிதழில் ஏறிவிட்ட சட்டத்தை அவரும் நம்மைப் போலப் பார்க்கத்தான் முடியும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதற்காகவே சொன்னது போல இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி நாம் பேசவேண்டிய நேரம் வேறு, இடமும் வேறு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஜ்யூ டவுனில் இப்ஸ்டா என்றால் தெரியாதவர் நம்மில் இல்லை. 1957 முதல் மிளகுக்கு முன்பேர வியாபாரம் நடந்த சங்கம். அந்தக் கூடத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுவரை ஒட்டி டெலிபோன் வைத்த சின்னச் சின்ன அறைகள், நடுவே புரோக்கர்கள். ஒரு காதில் ரிசீவர், மறு கையால் சைகை, தொண்டை கிழியக் கூச்சல். வெளியூர்க்காரன் வாசலில் நின்று பார்த்தால் சண்டை என்றே நினைப்பான். உள்ளே இருப்பவர்களுக்கோ வரப்போகிற மாதங்களின் மிளகு விலை அங்கே முடிவாகிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு வியாபாரிகளும் கலந்துகொள்கிற சர்வதேச மிளகு எக்ஸ்சேஞ்சும் 1997-ல் இங்கேதான் தொடங்கியது.

அந்தக் கூச்சலுக்கு மேலே ஒரு சட்டம் இருந்தது. 1952-ம் ஆண்டின் முன்பேர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 48-வது இனத்தில் பங்குச் சந்தையும் முன்பேரச் சந்தையும் வருகின்றன. ஆகவே இதில் திருவனந்தபுரம் தலையிட முடியாது. தில்லிதான் எல்லாம்.

இப்போது அந்தச் சட்டம் போன கதையைக் கேளுங்கள். முன்பேரச் சந்தைக் கமிஷனுக்குப் பல் இல்லை, அதிகாரம் கொடுக்கவேண்டும் என்று 2006-ல் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. அது நகரவில்லை. 2008 ஜனவரியில் அவசரச் சட்டம் போட்டார்கள். நாடாளுமன்றம் கூடிய பிறகு ஆறு வாரத்துக்குள் அதற்குப் பதிலாக ஒரு மசோதா நிறைவேறியிருக்கவேண்டும்; நிறைவேறவில்லை, ஏப்ரலில் காலாவதி. 2010 டிசம்பரில் மறுபடி ஒரு மசோதா. இந்த முறை அது நுகர்வோர் விவகாரங்களுக்கான நிலைக்குழுவுக்குப் போயிற்று. 2011 டிசம்பரில் குழு அறிக்கையும் கொடுத்தது. பிறகும் சபையில் எடுத்துக்கொள்ளப்படாமலே கிடந்து, 2014-ல் பதினைந்தாவது மக்களவை கலைந்தபோது தானாகச் செத்தது. மக்களவையில் நிலுவையில் இருக்கிற மசோதா, அந்த மக்களவையோடு போய்விடும் என்பது விதி.

எட்டு வருஷம் முட்டி மோதியும் ஒரு திருத்தம் நிறைவேறவில்லை. பிறகு 2015 பிப்ரவரி 28 அன்று நிதி மந்திரி அருண் ஜேட்லி தன் பட்ஜெட் உரையில் கமிஷனை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியோடு இணைக்கப்போவதாக அறிவித்தார். அதற்கான பிரிவுகள் எங்கே இருந்தன? வரி விகிதங்களோடு சேர்த்து, அந்த வருஷத்து நிதி மசோதாவுக்குள்ளேயே இருந்தன. மே 14 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்து. செப்டம்பர் 28-ல் கமிஷன் செபிக்குள் கரைந்தது. 63 வருஷச் சட்டம் ரத்து.

இணைப்பு தப்பு என்று நான் சொல்லவரவில்லை. நிதித்துறைச் சட்டங்களைச் சீர்திருத்த அமைத்த ஆணையமே 2013-ல் இதைத்தான் பரிந்துரைத்தது. மட்டாஞ்சேரி கூடம் வெறிச்சோடியதற்கும் இந்தச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. தேசிய அளவில் கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்சுகள் வந்தபோதே வியாபாரம் அங்கே போகத் தொடங்கிவிட்டது. வழியைத்தான் பார்க்கச் சொல்கிறேன். நிதி மசோதா என்பது பண மசோதா. பண மசோதாவைப் பற்றி மாநிலங்களவை கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாகவேண்டும். அனுப்பாவிட்டாலும் நிறைவேறியதாகவே கணக்கு. எது பண மசோதா என்பதில் சபாநாயகர் வைத்ததே முடிவு. கேரளத்துக்கு மக்களவையில் 20 இடம், மாநிலங்களவையில் 9 இடம். அந்த ஒன்பது பேரின் ஓட்டுக்கு இந்த விஷயத்தில் மதிப்பே இல்லாமல் போயிற்று. 2017 நிதிச் சட்டத்தில் தீர்ப்பாயங்களையே இப்படி மாற்றியமைத்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பண மசோதாவின் எல்லை எது என்ற கேள்வியை 2019 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் ஏழு நீதிபதிகளின் அமர்வுக்கு அனுப்பிவைத்தார்கள்.

பட்ஜெட் என்றவுடன் நமக்கு வேண்டிய ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார். கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வாசித்தவர். அதற்கு முன் 1935 முதல் 1941 வரை நம் கொச்சி சமஸ்தானத்தின் திவான். அதற்கும் முன் தில்லியில் மத்திய சட்டசபையின் தலைவர், இன்றைய கணக்கில் சபாநாயகர். சபாநாயகர் நாற்காலி, திவான் நாற்காலி, நிதி மந்திரி நாற்காலி மூன்றிலும் உட்கார்ந்த தமிழர். அவர் திவானாக இருந்தபோதுதான் 1938-ல் கொச்சி அரசுச் சட்டம் வந்து, சில துறைகளை ஒரு மந்திரி சட்டசபைக்குப் பதில் சொல்லி நடத்தவேண்டும் என்றாயிற்று.

சட்டசபை நமக்குப் புதிசில்லை. 1925-லேயே கொச்சியில் சட்ட சபை கூடியது. ஜ்யூ டவுன் வக்கீல் ஏ.பி. சேலம் அதில் இரண்டு காலகட்டங்களில் உறுப்பினர். அந்த நாளில் மட்டாஞ்சேரி மகாராஜாவின் ஊர், ஃபோர்ட் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்த வெள்ளைக்காரன் ஊர். பொடிநடையாகப் போனால் சட்டம் மாறிவிடும். கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு சபை, அந்தப் பக்கத்துக்கு இன்னொரு சபை என்று வாழ்ந்த ஊர்க்காரர்கள், எந்தச் சட்டம் எங்கே உண்டாகிறது என்று இன்று கேட்காமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பண மசோதா தனிக் கதை. சாதாரண மசோதாவின் போக்கைப் பார்க்க வேறெங்கும் போகவேண்டாம், ஏற்றுமதிக்காரர் மேஜையில் கிடக்கிற கப்பல் சரக்கு ரசீது, அதாவது பில் ஆஃப் லேடிங் போதும். அதை 1856-ம் ஆண்டுச் சட்டம் ஆண்டுகொண்டிருந்தது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் எழுதிய, மூன்றே பிரிவுகள் கொண்ட சட்டம். அதற்குப் பதிலாக ஒரு மசோதா 2024 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமானது. அறிமுகம் வெறும் சடங்குதான், பெரும்பாலும் விவாதம் கிடையாது. அடுத்த கட்டம் பரிசீலனை. இங்கேதான் சபை மசோதாவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், குழுவுக்கு அனுப்பலாம், பொதுமக்கள் கருத்துக்கு விடலாம். பிறகு பிரிவு பிரிவாக ஓட்டு, கடைசியில் முழு மசோதாவுக்கு ஓட்டு. மக்களவை 2025 மார்ச்சிலும் மாநிலங்களவை ஜூலையிலும் நிறைவேற்றின. இரண்டு சபைகளும் முரண்டுபிடித்தால் கூட்டுக் கூட்டம் போடலாம் என்று வழி இருக்கிறது. ஆனால் 1961, 1978, 2002 என்று மூன்றே முறைதான் அப்படி நடந்திருக்கிறது.

சபையில் நடக்கிற ஓட்டை நம்பி மனு கொண்டுபோவதில் ஏன் பலனில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அதன்படி கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் உறுப்பினரின் பதவியே போகலாம். அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினரும் தாமே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவரலாம், அதற்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒதுக்கியிருக்கிறார்கள். மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா 2015 ஏப்ரலில் திருநர் உரிமை மசோதாவை அந்தச் சபையில் நிறைவேற்றிக் காட்டினார். ஆனால் அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. தனிநபர் மசோதா சட்டமாகி முடிந்தது கடைசியாக 1970-ல். அதனால் உங்கள் எம்.பி. உங்களோடு ஒத்துப்போகிறாரா என்பது ஓட்டு நாளில் பெரிய விஷயமில்லை. மிளகு வியாபாரியின் கஷ்டம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கலாம். கொறடா உத்தரவில் மிளகு இருக்காது.

குழுவில் கதை வேறு. துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். டி.வி. கேமரா இல்லை, கொறடாவும் இல்லை. சபையில் மேஜையைத் தட்டுகிறவர்கள் அங்கே எதிர்க்கட்சிக்காரரோடு சேர்ந்து அதிகாரியைக் கேள்வி கேட்பார்கள். மசோதாவின் ஒவ்வொரு பிரிவையும் வரி வரியாகப் படிக்கிற இடம் நாடாளுமன்றத்தில் இது ஒன்றுதான் என்பேன். நமக்கு வேண்டிய வர்த்தகக் குழுவும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்கிற சுகாதாரக் குழுவும் மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் இயங்குகின்றன. பண மசோதாவைத் தடுக்க வழியில்லாத அதே சபை, இந்தக் குழுக்கள் வழியாக நமக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

குழு ஒரு மசோதாவை எடுத்தால் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும். நம்மில் பலர் டெண்டர் நோட்டீஸ் என்று தாண்டிப்போகிற அந்தச் சின்னக் கட்டத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். கருத்துகளை இரண்டு பிரதிகளாக, ஆங்கிலத்திலோ இந்தியிலோ, இத்தனை நாளுக்குள் அனுப்பவேண்டும். நேரில் வந்து சொல்ல விரும்பினால் அதையும் குறிப்பிடவேண்டும். அனுப்புவது குழுவின் ஆவணமாகும், ரகசியமாக வைக்கப்படும் என்று போட்டிருக்கும். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, சிபாரிசுக் கடிதமும் தேவையில்லை. தமிழில் எழுத வழி வைக்காதது குறைதான், அதற்காகவும் ஒருநாள் எழுதவேண்டும். ஆனால் வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் தினமும் மெயில் போடுகிற நம் கடைப் பையன்களால் இதை எழுத முடியாதா என்ன?

ஒரு எச்சரிக்கை. குழுவுக்குப் போகிற மசோதாக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் கணக்கில், பதினைந்தாவது மக்களவைக் காலத்தில் 71 சதவீதம் போயின. அடுத்த மக்களவையில் அது சுமார் கால்வாசி ஆயிற்று. பதினேழாவதில் 16 சதவீதம். 2020-ல் விவசாயச் சட்டங்கள் எந்தக் குழுவையும் பார்க்காமல் குரல் ஓட்டில் நிறைவேறின. மறு வருஷம் நவம்பர் 29 அன்று விவாதமே இல்லாமல் ரத்தும் ஆயின. வீட்டுக்குள் பேசாததை விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் தில்லி எல்லை ரோட்டில் உட்கார்ந்து பேசவேண்டியதாயிற்று.

குழு கதவு சாத்தியிருந்தால் அதற்கும் முன்னால் ஒரு கதவு இருக்கிறது. சட்ட வரைவை அமைச்சகங்கள் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று 2014-ல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. எல்லா அமைச்சகமும் மதித்து நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் 2022 ஜனவரியில் வர்த்தக அமைச்சகம் வாசனைப்பொருள்களுக்கான வரைவு மசோதாவை அப்படி வெளியிட்டது. 1986-ம் ஆண்டு ஸ்பைசஸ் போர்டு சட்டத்துக்குப் பதிலாக வர உத்தேசித்த மசோதா. டீ, காபி, ரப்பருக்கும் அதே சமயத்தில் வரைவுகள் வந்தன. ரப்பர், டீ பற்றிப் பத்திரிகைகள் கொஞ்சம் எழுதின. பாலாரிவட்டத்தில் தலைமை அலுவலகத்தை வைத்திருக்கிற, நம் பெயர்ப் பதிவும் ஏற்றுமதி சர்டிபிகேட்டும் கொடுக்கிற போர்டையே மாற்றி எழுதப்போகிற காகிதம் அது. உங்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தீர்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை. அதே போர்டில் மூன்று எம்.பி.க்கள் உறுப்பினர்கள் என்பதாவது தெரியுமா? இரண்டு பேரை மக்களவையும் ஒருவரை மாநிலங்களவையும் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன. மனு கொடுக்கப் போவதானால் முதலில் அந்த மூவரைத் தேடுங்கள்.

மசோதா சட்டமானதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். நம்மை நிஜமாகவே பிடிப்பது அதற்கு அப்புறம் வருகிறது. போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் நடக்கிற முறையைச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. 1987-ம் ஆண்டு ஏலக்காய் உரிம, விற்பனை விதிகளில் இருக்கிறது. 2017 டிசம்பரில் இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் குறைந்தபட்ச விலை என்று வந்ததே, நம் பஜாரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டதே, அதற்காக நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. 1992-ம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகச் சட்டம் கொடுத்திருந்த அதிகாரத்தை வைத்து ஓர் அறிவிக்கை, அவ்வளவுதான். மிளகில் ஈரம் எத்தனை சதவீதம், கல் மண் எத்தனை சதவீதம் என்பதையும் அதிகாரிகள் எழுதுகிற ஒழுங்குமுறைகள்தான் சொல்கின்றன. இப்படி வருகிற விதிகளை இரு சபைகளின் மேஜையிலும் வைக்கவேண்டும். வைத்து 30 கூட்ட நாளுக்குள் சபைகள் மாற்றச் சொல்லலாம், ரத்தும் செய்யலாம். விதிகள் சட்டத்தின் எல்லையைத் தாண்டுகின்றனவா என்று பார்க்கத் தனிக் குழுவே ஒவ்வொரு சபையிலும் உண்டு. அந்தக் குழுவின் பெயரைக்கூட நம் சங்கக் கூட்டங்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் தில்லிக்கு எழுதிவிடாதீர்கள், அதுவும் நம் இன்னொரு பழக்கம். சரக்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கேட்கிற நோக்குகூலி, சுமட்டுத் தொழிலாளர் கூலி இதெல்லாம் திருவனந்தபுரத்து விஷயம். ரோட்டில் ஓடை நிரம்பினால் அது கொச்சி கார்ப்பரேஷன்.

“நம் சொல் அங்கே எடுபடுமா?” என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1913-ல் இதே கொச்சியில் புலையர் சமூகத்தார் கூட்டம் போடக் கரையில் இடம் கிடைக்கவில்லை. நடந்தால் தீட்டு, நின்றால் குற்றம். அவர்கள் வள்ளங்களைக் காயல் நடுவே கொண்டுபோய் ஒன்றோடொன்று கட்டி, அதன் மேல் உட்கார்ந்து கூட்டம் நடத்தினார்கள். காயல் சம்மேளனம் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அந்தச் சமூகத்தில், எதிரே தெரிகிற முளவுகாட்டில் 1912-ல் பிறந்தவர் தாட்சாயணி வேலாயுதன். 1945-ல் கொச்சி சட்ட சபைக்கு நியமன உறுப்பினர். மறு வருஷம் சென்னை மாகாணத்திலிருந்து இந்திய அரசியலமைப்பு நிர்ணய சபைக்குப் போனார். அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர்தான். கரையில் கால் வைக்க முடியாதவர்களின் பிள்ளை தில்லிக்குப் போய் நாட்டின் அடிப்படைச் சட்டத்தின் மீது பேசியிருக்கிறார். குடோனும் ஜி.எஸ்.டி. நம்பரும் வைத்திருக்கிற நாம் இரண்டு பிரதிகள் தபாலில் போடத் தயங்குகிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. சங்கத்தில் மூன்று பேரை ஒதுக்குங்கள். ஒருவர் வாரம் ஒருமுறை வர்த்தகம், சுகாதாரம், நிதி அமைச்சகங்களின் வலைத்தளங்களில் வரைவு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒருவர் நிலைக்குழு விளம்பரங்களை வெட்டி ஒட்டிவைக்கட்டும். மூன்றாமவர் எழுதட்டும், நீளமாக வேண்டாம், எந்தப் பிரிவு, எந்த வரி, அதனால் ஒரு குவிண்டாலுக்கு என்ன நஷ்டம், அதற்குப் பதில் என்ன வார்த்தை என்று இரண்டு பக்கம். குழுவில் இருக்கிறவர்களுக்கு நம் ஆவேசத்தால் உபயோகமில்லை, அந்த இரண்டு பக்கத்தால் உண்டு. குஜராத்திச் சேட்டுகளையும் கொங்கணிக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிளகுச் சட்டத்துக்கு மொழி வித்தியாசம் தெரியாது.

பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் வரும். எல்லோரும் டி.வி.யில் வரி விகிதம் பார்ப்பார்கள். நீங்கள் அன்று சாயங்காலமே நிதி மசோதாவை இறக்கி, வரிக்குச் சம்பந்தமில்லாத பிரிவுகள் பின்னால் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள். 2015-ல் நமக்கானது அங்கேதான் இருந்தது.

இப்படிக்கு,
பஜார் ரோட்டில் உங்களோடு கணக்கு எழுதும் ஒருவன்